படிக்கிற காலத்துச் சிபில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்
முதல் சம்பளம் வந்ததும் பைக் எடுக்கப் போனோம், நானும் அப்பாவும். ஷோரூம் பையன் பான் நம்பரைத் தட்டினான். திரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம்தான் என் பக்கம் திருப்பினான். சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று வங்கிகள் பார்க்கும் மார்க், இருக்க வேண்டிய இடத்தில் -1. 300 முதல் 900 வரை என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன், பூஜ்யத்துக்குக் கீழே ஒரு மார்க் உண்டு என்று தெரியாது. நாலு வருடப் படிப்பில் யாரிடமும் கைமாற்றுகூட வாங்காதவன் நான். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், அப்பா பேர்ல போட்டுடலாம்" என்றான். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எங்க தம்பி கையெழுத்து?" என்று கேட்டுவிட்டார். வண்டி இன்றைக்கும் அவர் பேரில்தான் ஓடுகிறது.

முந்நூத்தி நாப்பத்தொம்பது
-1 எவ்வளவோ தேவலை. ஹாஸ்டலில் இருந்தபோது 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' ஆப் ஒன்று வைத்திருந்தேன். செமஸ்டர் முடிந்த ராத்திரி இரண்டு பிரியாணி, 349 ரூபாய். அப்புறம் சிம் மாறியது, ஆப்பையும் அழித்தேன். இரண்டு வருடம் கழித்து எம்.பி.ஏ.வுக்குக் கடன் கேட்டுப் போனால், வங்கியில் ஒரு மேடம் என் கடன்களெல்லாம் பதிவாகியிருக்கும் சிபில் ரிப்போர்ட்டை அச்செடுத்து வைத்து அந்த ஒரே வரியைப் பச்சை மையால் சுழித்தார். "என்ன தம்பி வாங்குனீங்க?" பின்னால் வரிசையில் ஆறேழு பேர். "சாப்பாடு மேடம்." அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சிரித்திருந்தால் மறந்திருப்பேன். அபராதமெல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் கட்டினேன். கட்டியது ரிப்போர்ட்டில் ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதற்குள் முதல் ஃபீஸை மாமாதான் கட்டினார்.

செவ்வந்தி
நான் எந்த ஆப்பையும் தொட்டதில்லை. கல்விக் கடன் மட்டும்தான், 4 லட்சத்துக்குள் என்பதால் அடமானம் கேட்கவில்லை, அப்பா கூட்டுக் கடன்தாரர். படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம் என்று தெரியும். அந்த ஒரு வருடம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதுதான் தெரியாது. நான் பெங்களூரில். கடிதங்கள் ஊருக்குப் போயிருக்கின்றன, அம்மா அவற்றைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். மூன்று தவணை போயிற்று. கிணற்று மோட்டாருக்குக் கடன் கேட்கப் போன அப்பாவிடம், "உங்க பொண்ணு கட்டல, அதனால உங்க ஸ்கோரும் எறங்கிடுச்சு" என்றிருக்கிறார்கள். அப்பா என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பாதான் சொன்னார்.

கணக்குப்பிள்ளை
கடைசி பெஞ்ச், முதலில் ஒன்று. -1 என்றால் மோசம் என்று அர்த்தமில்லை, கடன் வாங்கிய சரித்திரமே இல்லை என்று அர்த்தம். அந்த ஷோரூம் பையனுக்கு அது தெரிந்திருக்காது. நான் படிக்கும்போதே 20,000 ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் (எஃப்.டி.) போட்டு அதை ஈடாக வைத்துக் கிரெடிட் கார்டு வாங்கினேன், 18 வயது முடிந்திருந்தால் போதும், சம்பளச் சான்று கேட்க மாட்டார்கள். என் கதை அவ்வளவுதான். இனி மற்றவர்களுக்கு: கார்டில் செலவழிக்க சில வங்கிகள் எஃப்.டி.யில் 75 சதவீதம் லிமிட் தரும், சில 90. டெபாசிட்டுக்கு வட்டி அது பாட்டுக்கு ஓடும். லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், மொபைல் ரீசார்ஜ் மாதிரி ஒன்றிரண்டு செலவு போதும். ஆறு மாதத்தில் ஸ்கோர் வந்துவிடும். பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும், அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். மிச்சத்துக்கு மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி போடுவார்கள், அது வருடத்துக்கு 42. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று கடன் விவரம் சேர்த்து ஸ்கோர் போடும் நாலு நிறுவனம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வருடம் ஒரு தடவை முழு ரிப்போர்ட் இலவசம். நம்முடையதை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது, அது வதந்தி. வங்கிகள் 15 நாளுக்கு ஒரு தடவை இவர்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது, ஆகவே பிரியாணித் தம்பி மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்கும் பாடு குறைந்திருக்கிறது. தம்பிக்கு இன்னொன்று: சிபில் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதைப் பேசியிருக்கலாம்.

செவ்வந்தி
அண்ணே, சும்மா படுக்கப் போட 20,000 ரூபாய் வீட்டில் இருந்திருந்தால் நாங்கள் ஏன் கல்விக் கடனுக்குப் போகிறோம்?

கணக்குப்பிள்ளை
சில வங்கிகளில் 5,000 போட்டாலும் தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

செவ்வந்தி
அந்த 5,000ம்தான்.

டாலஸ் தோசை
இங்கே அமெரிக்காவில் வேறு கூத்து. ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்து 780 ஸ்கோர் வைத்திருந்தேன். எம்.எஸ். படிக்க வந்தபோது அந்தச் சிபில் ரிப்போர்ட்டைக் கலரில் அச்செடுத்து ஃபைலில் போட்டு வந்தேன். அப்பார்ட்மென்ட் ஆபீஸில் நீட்டினேன். அந்த அம்மாள் இரண்டு பக்கம் பொறுமையாகப் புரட்டினார், "ரொம்ப அழகாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு மாத வாடகை டெபாசிட் கேட்டார். கேம்பஸ் வேலை கிடைத்து, நம்ம பான் மாதிரி இங்கே கேட்கிற சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வந்த பிறகுதான் 200 டாலரை ஈடாகக் கட்டி ஒரு செக்யூர்ட் கார்டு வாங்கினேன். லிமிட்டும் அதே 200தான். அரிசி மூட்டை, பருப்பு என்று ஒரு தடவை கடைக்குப் போனால் பாதி காலி. கணக்குப்பிள்ளை சொல்கிற 30 சதவீதத்துக்கு மாதம் 60 டாலர். அதில் என்ன வாங்குவது?

முந்நூத்தி நாப்பத்தொம்பது
கணக்குப்பிள்ளை அண்ணே, பிரியாணி என்று சொல்லக் கூசிச் சாப்பாடு என்று சொன்னவன் நான், அந்த மேடத்திடம் தீர்ப்பா பேசியிருப்பேன்? நீங்கள் சொன்னதும் இலவச ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். அந்த வரி அங்கேயே இருக்கிறது, பாக்கி 0 என்று. கூடச் சாப்பிட்டவன் பங்கு 174 ரூபாய் 50 காசு மட்டும் இன்னும் வரவில்லை.