வட்டாரச் சுகாதாரக் கணக்கைப் படிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, ஒரு வட்டாரச் சுகாதார அமைப்பின் ஆண்டுக் கணக்கைப் பொதுமக்கள் சார்பில் படித்துக் கேள்வி கேட்கும் குழுவில் இருக்கிறேன். தணிக்கை அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

ஒதுக்கீட்டுக்குள் செலவு முடிந்தது என்கிறது அறிக்கை. ஆனால் கணக்கு ரொக்க அடிப்படையில் எழுதப்பட்டது. பணம் கொடுத்தால்தான் செலவு பதிவாகும்; மருந்தை வாங்கிவிட்டு பில்லைத் தீர்க்காமல் வைத்திருந்தால் அந்தக் கடன் அந்த ஆண்டுச் செலவில் தெரியாது. இந்த நிலுவையை எங்கே தேடுவது? பில் பதிவேடு போதுமா, இல்லை மருந்துக் கிடங்கின் வரவோடும் ஒப்பிட வேண்டுமா? எனக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம், சம்பளத் தலைப்பில் பெரிய மிச்சம். செவிலியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதால் மிஞ்சிய பணத்தைச் சிக்கனம் என்று பாராட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதன் பாரம் நோயாளிகள் மேல்தான் விழுகிறது. மழுப்ப முடியாதபடி இதை எப்படிக் கேட்பது?

2011-ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதாரக் கணக்கு முறை, எந்தச் சேவை, யார் வழங்கியது, எந்த நிதி ஏற்பாட்டின் வழியாக என்று செலவைப் பிரிக்கிறது. அதை வட்டார அளவில் செய்து பார்த்தவர்கள் ஒரு மாதிரி அட்டவணை அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.