8 மாச பையன் எங்கிட்ட வரவே மாட்டேங்கறான், அனுபவப்பட்ட அப்பாக்கள் கொஞ்சம் சொல்லுங்க

பனியன்காரன் (திருப்பூர்):

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குதான் மொத தடவையா எழுதறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க. எனக்கு ஒரு பையன், இப்பதான் 8 மாசம் முடிஞ்சிருக்கு. நான் இங்க ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருக்கேன். வீட்டுக்காரம்மாவுக்கு தேனி பக்கம். 7ஆம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அவங்கம்மா வீட்டுக்கு போனவ, பிரசவம் அங்கயே ஆகி, பையனுக்கு 5 மாசம் முடிஞ்சப்புறம்தான் இங்க கூட்டிட்டு வந்தோம். அந்த அஞ்சு மாசமும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கிழமை சம்பளத்த வாங்கிட்டு ராத்திரி பஸ் புடிச்சு தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியா போய்ச் சேருவேன், விடிஞ்சிருக்கும், ஞாயித்துக்கெழமை சாயங்காலமே திரும்ப கெளம்பணும். இடைல பையன் பாதி நேரம் தூக்கம். மீதி நேரம் சொந்தக்காரங்க கை மாத்தி கை மாத்தி வெச்சிருப்பாங்க, எனக்கு கெடைக்கறது அரை மணி நேரம்.

இப்ப கூடவே இருந்தும் எங்கிட்ட வர மாட்டேங்கறான். தூரத்துல இருந்து பாத்தா சிரிக்கறான். தூக்கினா ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே உத்துப் பாப்பான், அப்புறம் மெதுவா கீழ் உதடு பிதுங்கும், கழுத்தத் திருப்பி அம்மா எங்கன்னு தேடுவான், அவ்வளவுதான், மூச்சே விடாம அழுகை. காலைல எட்டரைக்கு ஷிப்ட், நைட்டு ஓவர்டைம் முடிஞ்சு வர ஒம்போதரை ஆயிரும், அப்ப அவன் தூங்கிட்டு இருப்பான். கையில கெடைக்கறது காலைல ஒரு மணி நேரம்தான்.

போன வாரம் வீட்டுக்காரம்மாவுக்கு 102 காய்ச்சல். நான் லீவு போட்டுட்டு வீட்ல இருந்தேன். ஆனா என்ன பிரயோஜனம், தூக்கினா அழுகை, கீழ விட்டா அவகிட்டயே தவழ்ந்து போறான், கடைசில ஒடம்பு கொதிக்க கொதிக்க அவளேதான் மடில போட்டு தூங்க வெச்சா. நான் பக்கத்துல தண்ணி டம்ளர வெச்சுட்டு நின்னுட்டு இருந்தேன். அன்னைக்கு எனக்கு மனசு ரொம்ப ஒடஞ்சு போச்சுங்க.

எங்கம்மா, ஆம்பளைக்கு எதுக்கு இதெல்லாம், ரெண்டு வயசானா தானா பின்னாடியே ஓடி வருவான்னு சொல்றாங்க. பொறந்ததும் நாக்குல மொதல்ல இனிப்பு தொட்டு வெப்பாங்கல்ல, அந்த சேனைய மச்சான்தான் வெச்சான், அதான் மாமன்கிட்ட ஒட்டிக்கறான் உன்கிட்ட வரமாட்டேங்கறான், இப்ப நீயும் ஒரு சொட்டு தேன் தொட்டு வைன்னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. எனக்கு ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க. நான் என்ன பண்ணணும்?

---

தாமிரபரணி (நெல்லை):

தம்பி, எனக்கு ரெண்டு பயலுவ, மூத்தவன் ஆறாப்பு படிக்கான். மொத பிள்ளைக்கு நானும் உங்கள மாதிரிதான் தவிச்சேன், அதனால பட்டதையே சொல்லுதேன். பிள்ளைக்கு வெளையாட்டு காட்டி சிரிக்க வைக்கணும்னு போகாதீங்க, அவன் வேலைல ஒண்ணை முழுசா உங்க கைக்கு எடுத்துக்கிடுங்க. கிலுகிலுப்பைய ஆட்டிட்டு போறவன் விருந்தாளி. தெனமும் ஒரே நேரத்துல ஒரே வேலைய செய்யுதவன் வீட்டு ஆளுன்னு பிள்ளைக்கு தெரியும். நீங்க காலைல ஒரு மணி நேரம் இருக்கியள்ல, குளிப்பாட்டுத வேலைய எடுங்க.

மொத மூணு நாள் உங்க வீட்டம்மா குளியலறை வாசல்ல பையன் கண்ணுல படுத மாதிரி ஒக்காரட்டும், ஆனா கை வைக்கக் கூடாது. நாலாம் நாள்ல இருந்து ஹால்ல, குரல் மட்டும் கேக்கணும். அப்புறம் அடுக்களைக்கு போயிரட்டும். நான் அப்படித்தான் செஞ்சேன், ஒரு வாரம் அழுதான், மனசு கேக்கல, ஆனா அழும்போது விட்டுட்டு ஓடாம பேசிட்டே செஞ்சேன்.

குளிப்பாட்டுத முறை தெரியாதுன்னா சொல்லுதேன். துண்டு, சட்டை, ஜட்டி எல்லாத்தையும் மொதல்ல எடுத்து கைக்கு எட்டுத இடத்துல வச்சிருங்க, ஏன்னா பிள்ளைய தண்ணிகிட்ட வச்சிட்டு ஒரு நிமிஷம் கூட எந்திரிச்சு போகக் கூடாது, போன் அடிச்சா அடிக்கட்டும். தண்ணிய விரல்ல தொட்டு பாக்காதீங்க, கம்பெனில வேலை பாத்து நம்ம கை மரத்துப் போயிருக்கும், முழங்கைய வச்சு பாருங்க, அங்க தோல் லேசு. நம்ம ஆச்சிமார் பலகைல ஒக்காந்து கால நீட்டி, அந்த ரெண்டு காலுக்கு நடுவுல பிள்ளைய கெடத்தி ஊத்துவாவ பாருங்க, அது கைக்குழந்தைக்கு. உங்க பையன் ஒக்காருவான்னா சின்ன டப்புல ரெண்டு விரல் ஒசரத்துக்கு தண்ணி போதும், ஒரு கை எப்பவும் அக்குளுக்கு கீழ இருக்கணும். எண்ணெய் தேச்சா மீன் மாதிரி வழுக்கும், அதனால மொத ரெண்டு வாரம் எண்ணெயே வேண்டாம், கைக்கு தைரியம் வந்தப்புறம் தேய்க்கலாம். கழுத்து மடிப்பு, காதுக்கு பின்னால, தொடை இடுக்கு இது மூணையும் விரிச்சு ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும், இல்லன்னா புண்ணாயிரும். மூக்குல ஊதுதது, காதுல எண்ணெய் விடுதது, சாம்பிராணி பொகைல காட்டுதது இதெல்லாம் யாரு சொன்னாலும் செய்யாதீங்க. எங்க வீட்ல இதுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு, நான் விட்டுக்கொடுக்கல.

என் மூத்தவன் இன்னைக்கும் தல துவட்ட எங்கிட்டதான் துண்ட நீட்டுவான்.

---

வார்டுஅக்கா (சேலம்):

நான் குழந்தைகள் வார்டுல 14 வருசமா நர்ஸா இருக்கேன். மொதல்ல ஒன்னு சொல்றேன் தம்பி, உங்க பையன் அழறது உங்கள பிடிக்காம இல்ல. ஆறு மாசத்துக்கு மேல குழந்தைங்களுக்கு தெரிஞ்ச மூஞ்சி எது, தெரியாத மூஞ்சி எதுன்னு பிரிச்சு பாக்கற புத்தி வரும், அதான் நேத்து வரைக்கும் எல்லார்கிட்டயும் போன புள்ள திடீர்னு யாரப் பாத்தாலும் அழும். வளர்ச்சிதான், நோய் இல்ல. அந்த புத்தி வர்ற சமயமா பாத்து ஊர் மாறி வீடு மாறி வந்திருக்கான், அதான் இன்னும் அதிகமா இருக்கு.

அந்த தேன் மட்டும் கையாலயும் தொடாதீங்க. ஒரு வயசு ஆகற வரைக்கும் தேன் கூடவே கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமி அந்த சின்ன வயித்துல வளந்து விஷத்த உண்டாக்கும், கை கால் தளந்து மூச்சு வாங்கற அளவுக்கு போகலாம். அபூர்வம்தான், ஆனா வந்தா தாங்காது. சேனை வெச்சவங்க குணம் வரும்ங்கறது நம்ம ஊரு நம்பிக்கை, அத வெச்சு மச்சான் மேல வருத்தப்படாதீங்க. அவர் அஞ்சு மாசம் தெனமும் தூக்கி வெச்சிருந்தாரு, ஒட்டிக்கிட்டான், அவ்வளவுதான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. வீட்டுக்கு வந்ததும் நேரா தூக்கப் போகாதீங்க. சட்டைல பனியன் பஞ்சு ஒட்டியிருக்கும், எண்ணெய் வாடை மெஷின் வாடை இருக்கும், கை கால் மூஞ்சி கழுவி துணி மாத்திட்டு தரைல ஒக்காருங்க, தரைல, சேர்ல இல்ல. அவனப் பாக்காம ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வெச்சு தட்டிட்டு இருங்க. அவனா தவழ்ந்து வந்து உங்க முட்டியப் புடிப்பான். அப்பவும் தூக்காதீங்க, கைல கரண்டியக் குடுங்க. நிக்கறவங்க குனிஞ்சு வெடுக்குனு தூக்கும்போதுதான் குழந்தைங்க நிறைய பயப்படறத வார்டுல தெனம் பாக்கறேன், நாங்களே ஊசி ட்ரேய வெச்சுட்டு மொதல்ல கட்டில் ஓரமா ஒக்காந்துக்குவோம்.

இன்னொன்னு, சாப்பாடு. 6 மாசம் முடிஞ்சிருச்சுல்ல, காலைல ஒரு வேளை நீங்க ஊட்டுங்க. முளைகட்டின கேழ்வரகுல பால் எடுத்து காய்ச்சின கூழோ, இட்லிய வெந்நீர்ல கொழச்சோ, பருப்பு சாதத்த நல்லா மசிச்சு சொட்டு நெய் விட்டோ. ஒரு வயசு வரைக்கும் உப்பும் சக்கரையும் சேக்க வேண்டாம். துப்பினா விட்டுருங்க, நாளைக்கு வாங்கிக்குவான். போன்ல பாட்டு போட்டு ஊட்டற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே கூடாதுன்னுதான் குழந்தை டாக்டர்கள் சங்கம் சொல்லுது, சொந்தக்காரங்களோட எப்பவாவது வீடியோ கால் பேசறதுக்கு மட்டும் விலக்கு.

---

தமிழ்வாத்தியார்:

பிள்ளைத்தமிழ்ல குழந்தையோட வளர்ச்சிய 10 பருவமா பிரிச்சு வெச்சிருக்காங்க, 5ஆம் மாசம் செங்கீரை, 9ஆம் மாசம் சப்பாணி, அதாவது கை கொட்டறது. உங்க பையன் அந்தப் பருவத்துக்கு வந்துட்டு இருக்கான். எதிர்ல ஒக்காந்து ரெண்டு கையையும் சேத்து கொட்டி காட்டுங்க தம்பி, தெனமும் ஒரே ராகத்துல. நம்ம புலவர்கள் இத சும்மா எழுதல, வீட்ல குழந்தைய பக்கத்துல இருந்து பாத்தவங்க எழுதினது அது.

---

தம்மாம்காரன்:

நண்பா, உங்க பதிவ கேம்ப்ல படுத்துட்டு ரெண்டு தடவை படிச்சேன். நான் சவுதில இருக்கேன், எனக்கு ஊரு பட்டுக்கோட்டை பக்கம். என் பையன் பொறந்தப்ப என்னால போக முடியல, 14 மாசம் கழிச்சுதான் மொத தடவையா கையில தூக்கினேன். அதுவரைக்கும் தெனமும் ராத்திரி வீடியோ கால், அப்பா எங்கன்னு கேட்டா போனக் காட்டுவான், நானும் அதப் பாத்து சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

லீவுல போய் எறங்கின அன்னைக்கு, திருச்சி ஏர்போர்ட்ல இருந்து கார்ல வீட்டுக்கு வந்தாச்சு, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, என் சம்சாரம் பையன இடுப்புல வெச்சுக்கிட்டு, அப்பா எங்கடா தங்கம்னு கேட்டா. நான் ரெண்டடி தூரத்துல கைய நீட்டிக்கிட்டு நிக்கறேன். அவன் என்னைப் பாத்துட்டு, திரும்பி, டிவிக்கு பக்கத்துல சார்ஜ்ல கெடந்த போனக் கைகாட்டினான். எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல.

அந்த லீவு 45 நாள். மொத 20 நாள் ஊரு விருந்து, கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு போயிருச்சு. அப்புறம் எங்கப்பாதான், விருந்தெல்லாம் போதும்டா வீட்ல கெடன்னு சொன்னாரு. மிச்ச நாள்ல அவன் மத்தியான தூக்கத்த நான் எடுத்துக்கிட்டேன். சம்சாரத்தோட பழைய நூல் சேலைல கட்டின தூளி, அந்த சேலை வாடைக்கே பாதி அடங்கிருவான், நான் ஆட்டிட்டே பக்கத்துல உக்காந்து மெதுவா பேசுவேன், எங்க கேம்ப் பத்தி, பாலைவனத்துல அடிக்கிற மணல் காத்தப் பத்தி, என்ன தோணுதோ அது. முழிச்சதும் மொத மூஞ்சி என் மூஞ்சியா இருக்கும். பத்து நாள்ல பழகிட்டான். கெளம்புற அன்னைக்கு பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டான், எறங்கவே இல்ல.

உங்களுக்கு தெனமும் ஒரு மணி நேரம் இருக்கு நண்பா. அது எவ்வளவு பெருசுன்னு இங்க இருக்கற எங்களக் கேளுங்க. வாரத்துல ஒரு நாள் ஓவர்டைம விட முடியுமான்னு பாருங்க, அந்தக் காச எப்ப வேணாலும் சம்பாதிச்சுக்கலாம்.

---

ரெண்டுவாலுஅம்மா:

அண்ணா, இது உங்களுக்கு இல்ல, உங்க வீட்டம்மாவுக்கு, காட்டுங்க. தோழி, அவர் குளிப்பாட்டும்போது சமையக்கட்டுல இருந்து அப்படி புடிக்காதீங்க இப்படி புடிங்கன்னு சொல்லாதீங்க. நான் சொல்லி சொல்லியே எங்க வீட்டுக்காரர் மொத குழந்தைக்கு பயந்து ஒதுங்கிட்டாரு, ரெண்டாவதுக்கு வாய மூடிக்கிட்டேன், எல்லாத்தையும் அவரே கத்துக்கிட்டாரு. குழந்த அழுதா ஓடிப்போய் வாங்கணும்னு கை பரபரக்கும், தெரியும். ஒரு நிமிஷம் பொறுங்க. ஒரேயடியா நீலமாகற அளவுக்கு அழவிட வேண்டாம், அப்ப போய் வாங்கிக்கோங்க, மறுநாள் திரும்ப அவர் கையிலயே குடுங்க.

---

பனியன்காரன் (திருப்பூர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, பேர் பேரா சொல்லணும்னு ஆசை. மூணு வாரம் கழிச்சு எழுதறேன். நெல்லை அண்ணன் சொன்ன மாதிரியே குளிப்பாட்டறத எடுத்துக்கிட்டேன். மொத நாலு நாள் அழுத அழுகைல மேல் வீட்டுக்காரங்க எறங்கி வந்து கேட்டாங்க. அஞ்சாம் நாள் கப்புல தண்ணிய கொஞ்சம் ஒசரத்துல இருந்து அவன் வயித்து மேல சன்னமா ஊத்தினேன், அழுகைய பாதில நிறுத்திட்டு அந்த தண்ணிக் கம்பிய ரெண்டு விரலால புடிக்கப் பாத்தான். புடிக்க முடியாம கைய மூடி மூடித் தொறந்தான். திரும்ப ஊத்தினேன். அப்படியே பதினஞ்சு கப்பு ஊத்தியிருப்பேன், கம்பெனிக்கு லேட்டாயிருச்சு.

இப்ப காலைல நான் டப்ப இழுக்கற சத்தம் கேட்டாலே எங்க இருந்தாலும் தவழ்ந்து வந்தர்றான். கை கொட்டறான் வாத்தியாரய்யா, ஆனா இன்னும் சத்தம் வரல, ரெண்டு கையும் சரியா ஒட்ட மாட்டேங்குது. ராத்திரி தூக்கத்துல அழுதா இன்னும் அம்மாதான் வேணும், அது இருக்கட்டும். செவ்வாக்கெழமை ஓவர்டைம விட்டுட்டேன். மேனேஜர்கிட்ட கேக்க தயக்கமாத்தான் இருந்துச்சு, பையனுக்காகன்னு உள்ளத சொன்னேன், சரின்னுட்டாரு. தம்மாம் அண்ணா, நீங்க எழுதினத வீட்டுக்காரம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசாம ஒக்காந்திருந்தோம். அடுத்த லீவு எப்பன்னு சொல்லுங்க, திருப்பூர் வந்தா நம்ம வீட்டுக்கு வரணும்.

வார்டு அக்கா, ஒரு கேள்வி. வர்ற வாரம் 9 மாசம் முடியுது, ஊசிக்கு நானே தூக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். அன்னைக்கு குளிப்பாட்டலாமா? எங்கம்மா கூடாதுங்கறாங்க.

---

வார்டுஅக்கா (சேலம்):

தாராளமா குளிப்பாட்டலாம் தம்பி, காலைல உங்க நேரத்துக்கே குளிப்பாட்டிட்டு கூட்டிட்டுப் போங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா புதன்கிழமை போங்க, அன்னைக்குதான் ஊசி நாள். தடுப்பூசி அட்டைய மறக்காதீங்க. தட்டம்மை ரூபெல்லா ஊசி கைல போடுவாங்க, கூடவே வைட்டமின் ஏ சொட்டு மருந்து வாயில ஊத்துவாங்க. ஊசி போடும்போது உங்க மடிலயே ஒக்கார வெச்சு நெஞ்சோட சாச்சுப் புடிச்சுக்கோங்க. போட்ட எடத்த தேய்க்க வேண்டாம். முடிஞ்சதும் அரை மணி நேரம் அங்கயே ஒக்காந்துட்டு அப்புறம் கெளம்புங்க. காய்ச்சல் வந்தா குடுக்கற மருந்து, அவன் எடைக்கு எவ்வளவுன்னு அங்கயே கேட்டு எழுதி வாங்கிட்டு வந்துருங்க. போயிட்டு வந்து எழுதுங்க.