அவசரம்: வாட்ஸ்அப் கால் ரிங் போகிறது, குரல் வரவில்லை

புதுவரவு:
வணக்கம். வெளிநாடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் அம்மாவுக்கு நாளைக் காலையில் ஆபரேஷன். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் ரிங் போகிறது, தம்பி எடுக்கிறான், அப்புறம் ‘கனெக்டிங்’ என்றே நின்று கட் ஆகிவிடுகிறது. மெசேஜ், வாய்ஸ் நோட் எல்லாம் போகிறது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டேன். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பனைமரம்:
ரூட்டர்தான் காரணம். நான் டொராண்டோ வந்த புதிதில் பேஸ்மென்ட் அறை. படிக்கட்டில் உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்து பேசுவேன். ரூட்டரை உயரத்தில் வையுங்கள்.

தேக்காக்காரர்:
தம்பி, நாங்கள் சிங்கப்பூர் வந்தபோது காலிங் கார்டுதான், முன்பணம் கட்டி வாங்கும் போன் அட்டை. சம்பளம் வந்ததும் தேக்காவில் வாங்கி, காசால் சுரண்டி, அந்த நீள நம்பரைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் அடிக்க வேண்டும். ஒரு எண் தப்பினால் முதலிலிருந்து. பேசினால் நம் குரலே நமக்குத் திரும்பி வரும். அந்த மலிவுக் கார்டுகளில் பலவும் இணையம் வழியாகத்தான் குரலைக் கொண்டுபோயின.

வேகம்99:
விபிஎன், அதாவது நாம் எங்கிருந்து நெட் பார்க்கிறோம் என்பதை மறைக்கும் ஆப், போடுங்கள், உடனே சரியாகும்.

நூருல்:
யாரும் அப்படிச் சொல்லாதீர்கள். அவர் இருப்பது அமீரகம் என்றால் இது விளையாட்டில்லை. 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி, ஐபி முகவரியை (இணையத்தில் நம் அடையாள எண்) மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம்.

வேகம்99:
என் ரூமில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே.

பனைமரம்:
ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் எங்கே தெரிகிறது? போன் எடுக்கவில்லை என்றால் ‘மறந்துட்டியா’ என்கிறார்கள்.

தேக்காக்காரர்:
அதைச் சொல்லுங்கள். பணம் வேண்டுமென்றால் மட்டும் லைன் தெளிவாகக் கேட்கும்.

கேபிள் அண்ணன்:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள், நாளைக்கு அந்த அம்மாவுக்கு ஆபரேஷன். தம்பி, எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?

புதுவரவு:
ஷார்ஜா அண்ணா. கம்பெனி கேம்ப்பில் தங்கியிருக்கிறேன்.

கேபிள் அண்ணன்:
அப்படியென்றால் போனிலும் ரூட்டரிலும் கோளாறு இல்லை. அமீரகத்தில் இணையவழிப் பேச்சுக்கு அரசு அனுமதி வேண்டும், வாட்ஸ்அப் காலுக்கு அது இல்லை. அதனால்தான் வாய்ஸ் நோட் போகிறது, கால் போகவில்லை. போட்டிம், சூம், கூகுள் மீட் ஆகிய ஆப்கள் எல்லாம் அனுமதிப் பட்டியலில் உள்ளவை. போட்டிம் என்றால் உங்கள் தம்பி போனிலும் ஏற்ற வேண்டும். உங்கள் சிம்முக்கு இன்டர்நெட் காலிங் பேக் (இணையவழியில் பேசுவதற்கான திட்டம்) வேண்டுமா என்று சிம் கம்பெனியின் கடையில் கேளுங்கள். இன்றிரவே பேச, கூகுள் மீட்டில் ஒரு மீட்டிங் லிங்க் உண்டாக்கித் தம்பிக்கு வாட்ஸ்அப் மெசேஜில் அனுப்புங்கள். சூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கட் ஆகும்.

கேம்ப் வைஃபையில் பேசாதீர்கள். ஆப் நம் குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, பாக்கெட் என்ற பொட்டலங்களாக நொடிக்கு 50 வீதம் அனுப்புகிறது. ராத்திரி எல்லோரும் வீடியோ பார்க்கும்போது அவை வரிசையில் மாட்டிக்கொள்ளும். பந்தி எழுந்தபின் வந்த சாம்பார் மாதிரி, தாமதமாக வந்த துண்டால் பயனில்லை, ஆப் அதைத் தூக்கிப் போட்டுவிடும். அதுதான் நமக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது. மொபைல் டேட்டா போட்டு, கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள். குரலுக்கு மட்டும் நொடிக்கு 100 கிலோபிட் இருந்தாலே போதும்.

நூருல்:
காலையில் அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும் நேரத்தில் எந்த ஆப்பையும் நம்ப வேண்டாம். சிம்மில் பேலன்ஸ் போட்டு வைத்து, 0091 அடித்து நேராகத் தம்பி நம்பருக்குக் கூப்பிடுங்கள். காசு கூடத்தான், ஆனால் அவன் பக்கம் நெட் இல்லாவிட்டாலும் போகும்.

புதுவரவு:
மீட் லிங்க் அனுப்பினேன். தம்பி வந்துவிட்டான், அம்மாவிடம் போனைக் கொடுக்கிறான். அப்புறம் வருகிறேன்.