வர்த்தமானி மேசையும் உசாத்துணைப் பகுதியும்

நூலக அங்கத்துவம் பெறுவதற்கு நான் படித்த காலத்தில் பிணை நிற்பவர் ஒருவரின் கையொப்பம் வேண்டியிருந்தது. அவர் அரச ஊழியராகவோ உள்ளூராட்சிச் சபைக்கு ஆதன வரி செலுத்துபவராகவோ இருக்க வேண்டும் என்றார்கள். மட்டக்களப்பில் வாடகை வீட்டில் குடியிருந்த எங்களுக்கு அப்படி ஒருவர் எளிதில் அகப்படவில்லை. ஆகவே உயர்தர வகுப்பில் படித்த காலம் முழுவதும் இரவல் பகுதிப் பக்கமே போகாமல், அங்கத்துவ அட்டை கேட்காத பத்திரிகைப் பகுதியிலும், நூல்களை அங்கேயே இருந்து படிக்கும் உசாத்துணைப் பகுதியிலுமே என் வாசிப்பு வளர்ந்தது. அதை நட்டமென்று நான் நினைத்ததில்லை.

பத்திரிகைப் பகுதியில் மிகுந்த கிராக்கி வீரகேசரிக்கோ தினகரனுக்கோ அல்ல, அரசின் அறிவித்தல்கள் வெளியாகும் அரச வர்த்தமானிக்குத்தான். வெள்ளிக்கிழமைகளில் கொழும்பில் வெளியாகும் அந்த இதழ் எங்கள் மேசைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். வந்ததும், வேலை தேடும் பட்டதாரிகள் பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் உள்ள பகுதியைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து, வயதெல்லையையும் விண்ணப்ப முடிவுத் திகதியையும் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு போவார்கள். யாரோ ஒருவர் தமக்கு வேண்டிய பக்கத்தைக் கிழித்துச் சென்ற பிறகு வர்த்தமானி நூலகரின் மேசைக்கு இடம் மாறியது. பெயர் எழுதிக் கையொப்பமிட்டுத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வரும் முதியவர் ஒருவர், பட்டதாரியான தம் மகளுக்காக அதைத் தவறாமல் பார்ப்பார். அவருக்குப் பார்வை மங்கியிருந்ததால் இதழை என் பக்கம் தள்ளி, “புள்ள, டீச்சர் வேலை ஏதும் போட்டிரிக்காண்டு பாருங்க” என்பார். அரைப் பக்கத்துக்கு நீளும் ஒரே வாக்கியத்தை நான் வாசித்து முடித்ததும், “இப்ப என்ன சொல்றான், விண்ணப்பிக்கலாமா ஏலாதா?” என்று கேட்பார். அவருக்கு விளங்கும்படி சொல்வதற்காகவே தகைமைப் பந்திகளை இரண்டு முறை படிக்கப் பழகினேன். பிற்காலத்தில் அலுவலகச் சுற்றுநிருபங்களைக் கண்டு நான் மிரளாததற்கு அந்தப் பயிற்சியே காரணம்.

உசாத்துணைப் பகுதியில் எனக்கு வாய்த்த அறிமுகம் வேறு வகையானது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூலை, அது 1947 இல் வெளிவந்தது என்ற ஒற்றைத் தகவலுக்காகப் பாடப்புத்தகத்தில் மனனம் செய்திருந்தேனே தவிர, அது எத்தகைய நூல் என்று அறிந்திருக்கவில்லை. எடுத்து விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் எண்களும் பின்னங்களுமாக இருந்தது. பண்டைத் தமிழிசையை ஆராயும் அந்த நூலில் சுரங்களின் அளவை விபுலாநந்தர் கணக்கிட்டிருந்த இடங்களில், பெயரறியாத வாசகர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் அதே கணக்கைத் தாமும் போட்டுப் பார்த்து, விடை பொருந்திய இடத்தில் ஒரு சிறு சரி அடையாளம் இட்டிருந்தார். நூலகப் புத்தகத்தில் எழுதுவோரை எனக்கு அறவே பிடிக்காது. ஆயினும் அவரை மன்னித்துவிட்டேன். அவர் சரி பார்த்த கணக்குகளை நானும் கொப்பியில் போட்டுப் பார்த்ததால்தான் அந்த நூலின் ஓர் அத்தியாயமாவது எனக்கு விளங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத நூலைக் கையால் எழுதி எடுக்கும் பழக்கமும் அப்போது ஏற்பட்டதுதான்.

இப்போது வர்த்தமானி இணையத்தில் கிடைக்கிறது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டத்தின் வழியாக ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றைத் தொலைபேசியிலேயே வாசிக்கலாம். பெயர் தெரிந்த நூலைத் தேட நானும் அதையே நாடுகிறேன். பெயர் தெரியாதவற்றுக்கு மட்டக்களப்பு, கல்முனை என்று எங்கு போனாலும் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அடுக்கின் முன்னே போய் நிற்பேன். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், யாரோ குடும்பத்தார் அச்சிட்ட நினைவு மலர் போன்றவை பெரும்பாலும் அங்குதான் செருகிக் கிடக்கும். இடமில்லை என்று நூலகமொன்றில் இத்தகைய மலர்களைக் கட்டிக் கழிவில் போட்டதைக் கண்டபின், எங்கள் வீட்டிலிருந்த மலர்களைக் கொடுக்கும்போது பதிவேட்டில் சேர்த்து இலக்கம் இடும்வரை நூலகரின் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன்.