குறியாக்கம் இயக்கிய மேட்ரிக்ஸ் அறையின் விவரங்கள் வெளி சர்வருக்குத் தெரிகின்றன: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். மேட்ரிக்ஸ் அரட்டை வலையமைப்புக்கான சினாப்ஸ் என்ற சர்வர் மென்பொருளை நிறுவிய எங்கள் சொந்த சர்வரில் குழுவுக்கென ஓர் அறையைத் திறந்து, தொடக்கத்திலேயே முனைக்கு முனை குறியாக்கத்தை (உரையாடுபவர்களின் சாதனங்களில் மட்டுமே செய்தி திறக்கும் முறை) இயக்கிவிட்டோம். பின்னர் வேறொரு சர்வரில் கணக்குள்ள ஒருவரைச் சேர்த்தோம். இப்போது அந்த சர்வரின் நிர்வாகி, எங்கள் அறையின் பெயரும் உறுப்பினர் பட்டியலும் தம் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொல்கிறார். குறியாக்கம் வேலை செய்யவில்லையா? அந்த உறுப்பினரை நீக்கினால் போதுமா?

மறுமொழி 1:
குறியாக்கம் வேலை செய்கிறது. ஆனால் மேட்ரிக்ஸ் அறைகளில் பயன்படும் மெகோல்ம் என்ற குறியாக்க முறை பூட்டுவது செய்தியின் உள்ளடக்கத்தை மட்டுமே. அறையின் பெயர், தலைப்பு, படம், உறுப்பினர் பட்டியல் ஆகியவை குறியாக்கம் இல்லாமலேயே, அறையில் பங்கேற்கும் ஒவ்வொரு சர்வருக்கும் போய்ச் சேர்கின்றன. அந்த நிர்வாகி ஒரு செய்தியைத் திறந்து பார்த்தால் உள்ளே புரியாத எழுத்துக் குவியல்தான் இருக்கும். ஆனால் அனுப்பியவரின் முகவரியும் நேரமும் தெளிவாகத் தெரியும். எமோஜி எதிர்வினைகளுக்கும் பூட்டு இல்லை (பலர் இதைக் கவனிப்பதே இல்லை).

உறுப்பினரை நீக்கினால், அந்த சர்வரிலிருந்து வேறு எவரும் அறையில் இல்லாதவரை, புதிய செய்திகள் அங்கே போகா; மற்றவர்களின் செயலிகளும் புதிய குறியாக்கச் சாவிக்கு மாறிவிடும். ஏற்கெனவே போன நகலைத் திரும்பப் பெற வழியில்லை. அழிக்கச் சொல்வது வேண்டுகோள்தான், எதிர் சர்வர் அதை மதிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. இதே அறையைக் கூட்டமைப்பிலிருந்து, அதாவது வெளி சர்வர்களுடனான இணைப்பிலிருந்து, துண்டிக்க முடியுமா?

மறுமொழி 2:
முடியாது. வெளி சர்வர்களை நிரந்தரமாகத் தடுக்கும் அமைப்பை அறையை உருவாக்கும்போது மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், புதிய அறைதான் ஒரே நேர்வழி. அதற்குப் பொருள் தராத ஒரு பெயரை வையுங்கள்.

என் பார்வையில், பெயர் கசிவதைவிடப் பெரிய கவலை வேறு. ஒரு சர்வரின் நிர்வாகி கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்தால், தம் பயனரின் கணக்கில் அவருக்கே தெரியாமல் இன்னொரு சாதனத்தைச் சேர்க்க முடியும். உங்கள் செயலி அதற்கும் சாவியை அனுப்பினால், அதன் பிறகு வரும் செய்திகள் முழுவதும் திறந்துவிடும். ஆகவே உறுப்பினர்கள் நேரிலோ தொலைபேசியிலோ இருவரின் செயலியிலும் தோன்றும் எமோஜி வரிசையை ஒப்பிட்டு ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளட்டும். பிறகு, சரிபார்க்கப்படாத சாதனங்களுக்குக் குறியாக்கச் செய்தி அனுப்புவதை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். அதன்பின் புதிய கைபேசிக்கு மாறும் சிலர், சரிபார்த்து முடிக்கும்வரை செய்தியைப் படிக்க முடியவில்லை என்று முறையிடுவார்கள். அதற்காக அந்த அமைப்பை மீண்டும் மாற்ற வேண்டாம்.