வாளிச் சத்தம்

எங்கள் பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகும் வளர்க்கிறோம். தவிடும் கடலைப்புண்ணாக்கும் பிசைந்து தினமும் காலையில் ஒரே மூலையில் போடுவது அப்பாவின் வழக்கம். போடுமுன் வாளியின் விளிம்பில் கட்டையால் நான்கு தட்டுத் தட்டுவார். குஞ்சு விட்ட மூன்றாம் வாரத்திலேயே அந்தச் சத்தத்துக்கு மூலையில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கிவிட்டது.

தை மாதம் அதே மூலையில் வலை இறக்கிப் பாதி மீன்களைப் பிடித்தோம். மறுநாள் அப்பா தட்டினார். ஒரு சுழிப்புகூட இல்லை. நான்கு நாள் இரை அப்படியே ஊறிக் கரைந்தது. ஐந்தாம் நாள் சிறியவை வந்தன. பெரியவை வர இரண்டு வாரம் ஆயிற்று. அப்பாவுக்கு இரை வீணானதைவிட அவை தம்மை நம்பாததுதான் வருத்தம். "பயந்திருக்கின்றன, நாம்தான் பொறுக்க வேண்டும்" என்று தினமும் போய்த் தட்டிக்கொண்டே இருந்தார்.

•

குட்டைக்காரர் எழுதியதைப் படித்தேன். என் வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஆஸ்கார் மீனும் இப்படித்தான். ஒருமுறை நீல நிறக் கைவலையால் பிடித்து மருந்துத் தண்ணீரில் விட்டேன். இன்றும் அந்த வலையைக் கண்டால் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிகிறது. அதே கையில் இரை டப்பா இருந்தால் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது.

•

நான் விலங்கியல் ஆசிரியர். கட்லாவும் ரோகும் கெண்டை இனம்தான். கெண்டை, கெளுத்தி இனங்களுக்குக் காற்றுப்பையிலிருந்து உட்காதுவரை சிறு எலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. அதனால்தான் அவற்றுக்குச் செவி கூர்மை. விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் பார்வையற்ற ஒரு கெளுத்தியைச் சீழ்க்கைக்கு வெளியே வரப் பழக்கி, அதை 1923-இல் எழுதினார். சீழ்க்கையை அடுத்து இரை வரும் என்பதை அது கற்றிருந்தது. தூண்டிலில் ஒருமுறை பிடிபட்டு விடப்பட்ட கெண்டைகள் நெடுங்காலம் தூண்டிலைத் தவிர்ப்பதை நெதர்லாந்தில் பெய்க்கெமா என்ற ஆய்வாளர் 1970-இல் காட்டினார். உங்கள் மீன்கள் வாளிச் சத்தத்தை மறந்திருக்காது. அந்த இடத்தைத்தான் வலையோடு சேர்த்துக் கற்றிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை வேறு கரையில் வலை இறக்கிப் பாருங்கள்.

•

குட்டைக்காரன் மறுபடியும் எழுதுகிறேன். ஆசிரியர் சொன்னபடி இந்த முறை எதிர்க்கரையில் வலை இறக்கி, அங்கேயே மீனை அள்ளினோம். இரை போடும் மூலைப் பக்கம் யாரையும் விடவில்லை. மறுநாள் காலை அப்பா தட்டினார். இரண்டாவது தட்டிலேயே சிறியவை வந்துவிட்டன. பெரியவை சற்றுத் தள்ளி நின்றன. வெயில் ஏறுவதற்குள் அவையும் வந்து தின்றன. வாளி காலியான பிறகும் அப்பா கரையைவிட்டு எழுந்திருக்கவில்லை.