உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம்: சீனி வருத்தம் உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

களுவாஞ்சிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மா இந்த முறை கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்துவிட்டா, அதுவும் வெறுங்காலோடு. வயது 61, சீனியும் பிறசரும் இருக்கு, கிளினிக் மருந்து தவறாமல் எடுக்கிறா. வயல் வரம்பில் நடந்தே பழகிய ஆள் என்பதால் நடையைப் பற்றி எனக்குப் பயமில்லை, உகந்தை முருகன் கோயில் தாண்டினால் முழுக்கக் காடு, உள்ளே வைத்து ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் யோசனை. கூடப் போகப்போவது நான், நானும் இதுவரை போனதில்லை. காட்டுப்பாதை திறந்ததும் போவதா, பொறுத்துப் போவதா? தண்ணீர், சாப்பாடு எப்படி? "முருகன் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் எழுதாதீங்க, அதை அம்மாவே தினமும் சொல்றா.

கோமாரியான்:
தம்பி, காட்டுப்பாதை திறக்கும் திகதி வருடா வருடம் மாறும். கதிர்காமக் கொடியேற்றத்தை வைத்துக் கூட்டம் போட்டுத்தான் அறிவிப்பார்கள், அதுவரை லீவு எடுத்துவிடாதே. திறந்த முதல் நாள் வேண்டாம். உகந்தையில் பெயர் பதிவு, பொலித்தீன் சோதனை, வரிசை என்று நடக்க முன்னமே அம்மாவை வெயில் களைக்கப்பண்ணிவிடும். கடைசி நாட்களும் சரிவராது, பாதை முழுக்கப் புழுதி, வாசலையும் மூடிவிடுவார்கள். நடுவில் ஒரு நாளைப் பிடி.

உகந்தையிலிருந்து கிட்டத்தட்ட 80, 90 கிலோமீற்றர் வரும். பொடியன்கள் விழுந்தடித்து ஓடுவார்கள், நீ அவர்களைப் பார்க்காதே, வயதானவர்களோடு என்றால் ஐந்தாறு நாள் என்று வைத்துக்கொள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், இப்படித்தான் தங்கித் தங்கிப் போவது. குமுக்கன் ஆற்றோடு குமனைக் காடு முடிந்து யால காடு தொடங்கும். அங்கே மருத மரங்களின் கீழ் நல்ல நிழல், ஆசைதீர முழுகலாம், சனம் எழும்பவே மனமில்லாமல் கிடக்கும். மறுகா நாவலடி தாண்டினால் நிழலில்லாத வெட்டை வெளி, அங்கேதான் முக்கால்வாசிப் பேருக்குக் கால் இழுக்கும். விடிய வெளிச்சத்தோடு நட, வெயில் ஏற மரத்தடியில் படு, பின்னேரம் திரும்ப நட. கூட்டத்தை விட்டு மட்டும் பிரியாதே. யானை, கரடி இரண்டும் உள்ள காடு.

தண்ணீர் பவுசரில் கொண்டுவந்து தாங்கிகளில் நிரப்புவார்கள், ஆனால் நீ போகும் நேரம் இருக்கும் என்று நம்பி வெறும் போத்தலோடு நடக்காதே. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடி. அவல், பொரித்த மா, மல்லி, தேசிக்காய், கொஞ்சம் அரிசி பருப்பு, ஒரு தரப்பாள், ரோச் லைட், எல்லாம் துணிப்பையில். சிலர் உரப்பை நிறையச் சாமான் கட்டி வந்து குமுக்கன் ஆற்றோடு பாதியை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவதை எல்லா வருடமும் பார்க்கலாம்.

திருக்கோவில் அக்கா (தாதி):
தம்பி, நடையை விடுங்க, முதலில் அம்மாவின் பாதத்தைப் பாருங்க. சீனி கனகாலம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். ஆடி மணல் சுடுவதும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது. பின்னேரம் காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் உடைந்து கிடப்பது தெரியும், அது புண்ணாகி விரலை எடுக்கும் அளவுக்குப் போனவர்களை வார்டில் பார்க்கிறோம். அடுத்த கிளினிக்கில் கேளுங்க, மெல்லிய நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டது தெரியவில்லை என்றால் வெறுங்கால் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, குளிசையா ஊசியா? கிளிக்ளசைட் மாதிரிக் குளிசை, இன்சுலின், இரண்டிலும் நாள் முழுக்க நடந்து சாப்பாடும் பிந்தினால் சீனி இறங்கிவிடும். திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சிவசிவா என்று உட்கார்ந்து யோசிக்காமல் உடனே சீனித் தண்ணீர் கொடுங்க. பிறசர் குளிசையில் சலம் கூடப் போகவைக்கும் வகை இருக்கு, அந்த வெயிலுக்கு அதையும் டொக்டரிடம் சொல்ல வேணும். மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்று உங்கள் பையில், ஒன்று அம்மா மடியில்.

வேலடிமை:
அந்தக் காலத்துக் கிழவிமார் சப்பாத்துப் போட்டா நடந்தார்கள்? நேர்த்தி என்றால் நேர்த்திதான். இப்போது பாட்டுப் பெட்டியும் செல்ஃபியுமாகச் சுற்றுலா போகிற கூட்டம் கூடிப்போச்சு.

திருக்கோவில் அக்கா (தாதி):
பாட்டுப் பெட்டி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணன். ஆனால் அந்தக் கிழவிமாரில் எத்தனை பேருக்குச் சீனி இருந்தது?

மண்டூரான்:
கொழுவாதீங்க. நேர்த்தியை ஆளுக்கேற்ற மாதிரிச் செய்யலாம். வீட்டிலிருந்து உகந்தை வரை நடந்து, களுதாவளைப் பிள்ளையார், திருக்கோவில் சித்திர வேலாயுதர், சங்கமன்கண்டிப் பிள்ளையார் என்று கோயில் கோயிலாகத் தங்கி, உகந்தை மலையில் சுனையையும் வள்ளியம்மனையும் கும்பிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் கதிர்காமம் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் ஆஸ்பத்திரியும் ஓட்டோவும் பெரும்பாலும் பக்கத்தில். அதுவும் முடியாவிட்டால் எங்கள் ஊருக்கு வாங்க, குருமண்வெளித் துறையில் பாதை (மிதவைப் படகு) ஏறினால் மண்டூர் முருகன் கோயில். இதுவும் சின்னக் கதிர்காமம்தான், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யும் பூசை இங்கேயும் இருக்கு.

களுவாஞ்சிப் பொடியன்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மண்டூருக்கு எப்படியும் போவோம்தானே, அது கணக்கில் வராது என்கிறா. சப்பாத்துக்கு அரை மனதோடு சம்மதம், ஆனால் கதிர்காமத்து மாணிக்க கங்கையில் முழுகிய பிறகு கோயில் வரை வெறுங்கால்தான் என்று பேரம் பேசி முடித்திருக்கிறா. கிளினிக்கில் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் காடா, உகந்தையோடு பஸ்ஸா என்று முடிவெடுப்போம். திரும்பி வர எந்த வழி நல்லது?

கோமாரியான்:
புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக அம்பாறை. கதிர்காமம் புத்தல வீதியில் யானை மறிக்கும், பகல் பஸ்ஸைப் பிடி. சப்பாத்தை இப்பவே வாங்கிக் கொடுத்து அம்மாவை வயலுக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்லு, புதுச் சப்பாத்தோடு காட்டுக்குள் இறங்கினால் வெறுங்காலை விட மோசம்.